வைத்தியரும் ஜாதி நோயும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு நாளும் சிதம்பரத்தில் மறுநாளும் நாம் பேசியதின் சாரம். இரண்டிடத்துப் பேச்சும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தபடியால் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது.)



"கிராமத்து வைத்தியர் அரசியலுக்கு வரலாமா?" என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி நமக்குக் கட்டளை இடப்பட்டிருக்கிறது. தாராளமாய் வரலாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு நாம் உட்கார்ந்து கொள்ளலாம். ஆனால் பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவில் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மனதில் இருப்பது ஒரே ஒரு வைத்தியர் தான் என்பது யாவருக்கும் தெரிந்ததாகும். பெயரைச் சொல்லாமல் சுற்றி வளைப்பதில் பிரயோஜனமில்லை. திண்டிவனம் டாக்டர் ராமதாஸ் அவர்களைப் பற்றித்தான் நாம் பேசப் போகிறோம். அவரைப் புகழ்வோம் என்று சிலரும், வைவோம் என்று சிலரும் எதிர்பார்த்து வந்திருக்கலாம். இரண்டு சாராருக்கும் ஏமாற்றமே ஏற்படும். யாராவது கோபித்துக் கொண்டு எதையாவது வீசுவதானால் அதைப்பற்றியும் கவலையில்லை. ஏனெனில் இதே கடலூரில் 1944-இல் பெரியார் மீது செருப்பு வீசப்பட்டது. 1972-இல் அவருக்கு அங்கு சிலை எழுந்து விட்டது. ஆகவே இந்த ஊரில் வீசுகிறவர்கள் யோசித்து வீசுவார்கள் என்று நம்புகிறோம்.

தோழர்களே! நம் நாட்டு அரசியல் வெகுகாலம் வக்கீல்களின் சொத்தாகவே இருந்து வந்தது. வக்கீலுக்குச் சண்டை இருக்க வேண்டும். புரோகிதனுக்குப் பயம் இருக்க வேண்டும். வைத்தியனுக்கோ நோய் இருந்தால் தான் பிழைப்பு என்றாலும், நோயைத் தீர்த்தால் தான் பெயர். இந்த ஒரு வித்தியாசத்தினாலேயே வைத்தியர்கள் பொது வாழ்வுக்கு வருவதை நாம் வரவேற்கிறோம். 1916-இல் பார்ப்பனரல்லாதாருக்கென்று ஓர் இயக்கம் தோன்றிய போது அதை முன்னின்று நடத்திய மூவரில் இருவர் வைத்தியர்கள். டாக்டர் நாயர் ஒருவர். திருவல்லிக்கேணியில் வைத்தியம் பார்த்த டாக்டர் நடேச முதலியார் மற்றொருவர். அதற்கும் வெகு முன்னே ஜெர்மனியில் விர்ச்சோ என்னும் வைத்தியரை 1848-இல் சைலீசியா என்ற பிரதேசத்துக்கு, அங்கே பரவியிருந்த விஷ ஜுரத்தைப் பார்த்து வரும்படி சர்க்கார் அனுப்பிற்று. அவர் திரும்பி வந்து மருந்துப் பட்டியல் கொடுக்கவில்லை. அந்த ஜனங்களுக்குக் கல்வியும் வயிற்றுக்குச் சோறும் தங்களைத் தாங்களே ஆண்டு கொள்ளும் உரிமையும் இல்லாததே நோய்க்கு மூலம் என்று எழுதிக் கொடுத்தார். பிறகு அவரே சட்டசபைக்கும் போனார். நல்ல வைத்தியன் நாடி பார்த்துக் கொண்டே போனால் கடைசியில் அரசியலில் தான் வந்து நிற்பான் என்பதற்கு இது போதுமான ருஜுவாகும்.

நிற்க, நம் திண்டிவனம் வைத்தியருடைய விஷயத்துக்கு வருவோம். அவர் 1939-இல் திண்டிவனத்துக்கு அருகிலுள்ள கீழ்சிவிறி கிராமத்தில் ஒரு குடியானவக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பட்டணத்திலேயே பங்களா கட்டாமல் திண்டிவனத்துக்கு வந்து வைத்தியம் பார்த்தார். இது சாமானிய காரியமல்ல. அந்தக் கல்லூரியில் நம்மவர்களுக்கு இடம் கிடைத்த கதையே ஒரு பெரிய கதை. 1928-இல் முத்தையா முதலியார் மந்திரியாயிருந்த போது வகுப்புவாரி உத்தரவு அமலுக்கு வந்தது. சுயராஜ்யம் வந்த பிறகு, ஒரு பார்ப்பன அம்மையார் தமக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்று வழக்குப் போட்டு, 1951-இல் சுப்ரீம் கோர்ட்டார் அந்த உத்தரவு செல்லாது என்று சொல்லி விட்டார்கள். பெரியார் கிளர்ச்சி செய்தார். அதே வருஷத்தில் அரசியல் சட்டம் முதல் தடவையாகத் திருத்தப்பட்டது. ஆகவே ஒரு குடியானவன் மகன் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பு தொங்குகிறதென்றால், அது சரஸ்வதி கடாட்சத்தால் தொங்குவதல்ல. பின்னால் ஒரு கிளர்ச்சி இருக்கிறது.

அப்படிப்பட்டவர் கிராமத்தில் உட்கார்ந்ததும் என்ன கண்டிருப்பார்? மழையை நம்பிய புன்செய், பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொல்லையில் கூலி, படிக்காத பெண்டுகள், பாம்பு கடித்தால் மந்திரிப்பவனிடம் முதலில் போய்விட்டுக் கடைசியில் வைத்தியரிடம் தூக்கி வருவது. ஜில்லாவில் ஜன எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் இரண்டே வகுப்பார்: ஊர்த் தெருவில் வன்னியர், சேரியில் ஆதிதிராவிடர். இருவரும் அதே வயலில் குனிகிறவர்கள். ஆனால் தாலூகா கச்சேரியிலும் கோர்ட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு யாரோ.

இதற்குப் பரிகாரம் தேடியவர்களில் இந்த வைத்தியர் முதல்வருமல்ல. இந்தக் கடலூரிலேயே, நகரசபைத் தலைவராயிருந்த எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் 1951-இல் உழைப்பாளர் கட்சியை ஆரம்பித்தார். 1952 தேர்தலில் அக்கட்சிக்கு 19 ஸ்தானங்கள் கிடைத்தன. வடஆர்க்காட்டுப் பக்கம் மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. கொஞ்ச காலத்தில் இருவருக்கும் மந்திரி பதவி கிடைத்தது, இரண்டு கட்சியும் காங்கிரசில் கரைந்தன. ஓட்டுப் போட்டவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடியும் வயலுக்குப் போனான். முப்பது வருஷம் கழிந்தும் அவன் மகனும் அதே வயலுக்குத்தான் போனான்.

ஆகவே 1980-இல் டாக்டர், சிதறிக் கிடந்த பல சங்கங்களை ஒன்றாக்கி வன்னியர் சங்கம் கண்டபோது கேட்டது பதவியல்ல, கணக்கு. "எங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கு எங்கே?" என்று கேட்டார். மாகாணத்தில் நூற்றுக்கு இருபது, மத்திய சர்க்காரில் நூற்றுக்கு இரண்டு. இது வகுப்புவாதம் என்று அப்பொழுது பத்திரிகைக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். நாம் சொல்லுகிறோம்: இது முழுக்க முழுக்க நியாயமான கேள்வி. பிறப்பினால் ஒருவனைத் தள்ளி வைப்பது தேசீயமாம்; தள்ளி வைக்கப்பட்டவன் பங்கு கேட்டால் அது துவேஷமாம்! இந்தப் பித்தலாட்டத்தை நாம் 1925 முதல் பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

1987 செப்டம்பர் 17-ந் தேதி, அதாவது பெரியார் பிறந்த நாளன்று, ஒரு வாரச் சாலை மறியல் ஆரம்பமாயிற்று. சென்னையிலிருந்து தெற்கே போகிற பெருஞ்சாலை இவர்கள் ஊர்களுக்கு நடுவே போகிறது. மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டதும் தலைநகரத்துக்கும் தென் ஜில்லாக்களுக்கும் சம்பந்தம் அறுந்தது. போலீசார் சுட்டார்கள். அந்தக் கிளர்ச்சியில் மாண்டவர்கள் 21 பேர். 1989-இல் கருணாநிதி அவர்கள் சர்க்கார், பிற்படுத்தப்பட்டோருக்கு இருந்த 50-ஐப் பிரித்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று நூற்றுக்கு மேற்பட்ட ஜாதியாருக்குச் சேர்த்து 20 என்று ஒதுக்கிற்று. அந்த ஒதுக்கீட்டில் படித்து இன்று வைத்தியராகவும் எஞ்சினீயராகவும் இருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள்.

ஆனால், தோழர்களே, அந்த ஒரு வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்லாவிட்டால் நாம் யோக்கியர்களல்ல. இந்த ஜில்லாவில் பல இடங்களில் சேரிக் குடிசைகள் எரிந்தன. சாலை மறியலுக்கும் சேரிக்கும் என்ன சம்பந்தம்? நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் சேரிக்காரனா? 20 வேண்டுமென்று சர்க்காரைக் கேட்கப் புறப்பட்டவர்களில் ஒரு கூட்டத்தார், தமக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பை வீட்டிலே கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. இதுதான் நாம் சொல்லுகிற ஜாதி நோய். மேலே இருப்பவன் உதைக்கும் போது வலிக்கிறது. கீழே இருப்பவனை உதைக்கும் போது மட்டும் கால் வலிப்பதில்லை.

இந்த நோய்க்கு ஒரு புராணமும் இருக்கிறது. வன்னியர் அக்கினியில் பிறந்த க்ஷத்திரியர் என்பது அது. 1871 ஜனக்கணக்கிலேயே தங்களை க்ஷத்திரியர் என்று எழுத வேண்டுமென்று மனுச் செய்தார்கள். 1931 கணக்கில் வன்னியகுல க்ஷத்திரியர் என்ற பெயர் ஏறியும் விட்டது. இழிவான பெயரை உதறியது சரிதான். ஆனால் நான் க்ஷத்திரியன் என்று ஒருவன் சொல்லிக் கொண்டால் என்ன அர்த்தம்? எனக்கு மேலே பிராமணன் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன், எனக்குக் கீழே பலர் இருக்க வேண்டுமென்று கேட்கிறேன் என்றுதானே அர்த்தம்? ஊர் எல்லையில் அக்கினிக் கலசத்தை நட்டுவிட்டு, பிறகு சர்க்காரிடம் பிற்பட்டவன் என்று விண்ணப்பம் போட்டால் இரண்டில் எது மெய்?

நேற்றுக் கடலூரில் இதைச் சொன்னபோது ஒருவர் எழுந்து, புராணத்தை எல்லா ஜாதியும் தானே சொல்லுகிறது என்றார். வாஸ்தவம். இன்று சிதம்பரத்தில் நின்று கொண்டு அதற்குப் பதில் சொல்வது சுலபம். இந்த ஊரிலும் ஒரு நெருப்புக் கதை இருக்கிறதல்லவா? நந்தன் என்னும் சேரிக்காரன் தில்லைக் கோயிலுக்குள் வருவதற்கு நெருப்பில் இறங்க வேண்டியிருந்ததாம். இறங்கியதும் பூணூலோடு வெளியே வந்தானாம். ஒரு நெருப்பு க்ஷத்திரியனைப் பெற்றதாம், ஒரு நெருப்பு சேரிக்காரனைப் பார்ப்பனனாக்கிற்றாம். தோழர்களே, இந்த ஜில்லாவில் எந்த வைத்தியரையாவது கேட்டுப் பாருங்கள். நெருப்பில் விழுந்து வந்தவனுக்குப் புண் தான் இருக்கும், பூணூல் இருக்காது. பிரசவம் பார்த்தவர்களைக் கேளுங்கள், நெருப்பில் பிறந்த பிள்ளையை யாராவது தொப்புள் கொடி அறுத்ததுண்டா என்று. இரத்தத்தில் வகுப்புகள் உண்டு என்று லாண்ட்ஸ்டைனர் என்பவர் 1901-இல் கண்டுபிடித்தார். அது ஏ, பி, ஓ என்பது தான். ஊர்த் தெருவில் வெட்டுப்பட்டுக் கிடப்பவனுக்குச் சேரி இரத்தம் பொருந்தும், கூடப் பிறந்த தம்பி இரத்தம் பொருந்தாமலும் போகும். இதையெல்லாம் நாம் மேடையில் சொல்லித்தான் ஆகவேண்டும். வைத்தியருக்கோ இது முதல் வருஷப் பாடம்.

அந்தப் பாடம் டாக்டருக்குத் தெரியாது என்று நாம் சொல்ல வரவில்லை. நன்றாகத் தெரியும். 1989 ஜூலையில் பாட்டாளி மக்கள் கட்சியை ஆரம்பித்த போது அவர் வைத்த பெயரில் ஜாதி இல்லை. மார்க்ஸ், பெரியார், அம்பேத்கர் ஆகிய மூவர் படத்தை வைத்தார். கும்பகோணத்துப் பக்கம் குடிதாங்கி என்னும் ஊரில், ஓர் ஆதிதிராவிடர் பிணத்தைத் தெரு வழியாகக் கொண்டு போக விடமாட்டோம் என்று அவருடைய ஜாதியாரே தடுத்த போது, அவர் நேரில் போய்ப் பாடைக்குத் தோள் கொடுத்து அதே தெரு வழியே தூக்கிச் சென்றார். தமிழ்நாட்டில் எத்தனை தலைவர்கள் தங்கள் சொந்த ஜாதியை எதிர்த்து ஒரு பாடையைச் சுமந்திருக்கிறார்கள்? பல வருஷம் கழித்துத் திருமாவளவன் அவர்கள் இவருக்குத் தமிழ்க் குடிதாங்கி என்று பட்டம் கொடுத்ததும் அதனால்தான். நாம் பட்டங்களை விரும்புகிறவர்களல்ல. என்றாலும் இது உழைத்துச் சம்பாதித்த பட்டம் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம்.

1998-இல் இந்தச் சிதம்பரம் தனித் தொகுதியில் அவருடைய கட்சி சார்பில் நின்று ஜெயித்தவர் தலித் எழில்மலை. மத்திய சர்க்காரில் அந்தக் கட்சிக்குக் கிடைத்த மந்திரி பதவி அவருக்கே போயிற்று. சுகாதார இலாகா. நந்தனை நெருப்பில் இறக்கிய கதை வழங்குகிற ஊரிலிருந்து ஓர் ஆதிதிராவிடர், ஊர்த் தெருவின் ஓட்டையும் சேரி ஓட்டையும் வாங்கிக்கொண்டு போய் இந்தியா முழுவதற்கும் ஆஸ்பத்திரி மந்திரியானார். ஒரு கிராமத்து வைத்தியர் அரசியலுக்கு வந்ததற்கு இதைவிட உயர்ந்த பலனை நாம் சொல்ல முடியாது.

அது ஒரு வருஷம் தான் நிலைத்தது. 1999-இல் அதே தொகுதியில், பத்து வருஷமாகத் தேர்தலே வேண்டாமென்று இருந்த விடுதலைச் சிறுத்தைகள் முதல் முறையாக நின்றார்கள். திருமாவளவன் அவர்களை எதிர்த்து டாக்டர் கட்சியின் பொன்னுசாமி அவர்கள் நின்று ஜெயித்தார். இருவரும் ஆதிதிராவிடரே, தொகுதி தனித் தொகுதியே. ஆனால் சேரி தானாக ஒருவரை நிறுத்தியதும், ஓட்டுப் பதிவையொட்டிச் சேரிகளில் அடிதடியும் தீவைப்பும் நடந்தன. சேரிக்காரனை நாம் பொறுக்கி மந்திரியாக்கினால் சமதர்மம்; அவனே தன்னை நிறுத்திக் கொண்டால் அகங்காரம்! பார்ப்பனர்கள் நம்மிடம் இதைத்தானே சொன்னார்கள்?

பிறகு இருவரும் 2004 முதல் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கமென்று ஒரே மேடையில் சில காலம் இருந்தார்கள். அப்போது இந்த ஜில்லா கொஞ்சம் மூச்சு விட்டது. பிறகு வந்தது 2012 நவம்பர் 7. தர்மபுரி ஜில்லாவில், ஊர்த் தெருப் பெண் ஒருத்தி சேரிப் பையனை மணந்து கொண்டாள் என்பதற்காக நத்தம் காலனி முதலிய மூன்று சேரிகளில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. தங்களுக்கு அதில் சம்பந்தமில்லை என்று டாக்டர் கட்சியார் சொன்னார்கள். அப்படியே வைத்துக் கொள்வோம். வைத்தியர் வந்து புண்ணைக் கட்ட வேண்டாமா? அவர் செய்தது, பல ஜாதிச் சங்கத்தாரைக் கூட்டி வைத்து, சேரிப் பையன்கள் ஜீன்ஸ் போட்டுக் கறுப்புக் கண்ணாடி மாட்டிப் பெண்களை ஏமாற்றுகிறார்கள் என்று பிரசாரம் செய்ததுதான். நாடகக் காதல் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். பாடையைச் சுமந்த அதே தோள்! பிணம் தெருவழியே போகலாமாம். உயிரோடிருக்கும் பையன் தெருவுக்குள் மாப்பிள்ளையாக வரக்கூடாதாம்.

அன்றியும் ஒரு விஷயம். பெண் என்ன ஆட்டுக்குட்டியா, கண்ணாடி மாட்டியவன் பின்னால் ஓடுவதற்கு? அவளுக்கு வயது வந்திருக்கிறது, ஓட்டு இருக்கிறது, அவள் ஓட்டை வாங்கித்தான் கட்சி நடக்கிறது. மந்திரியைத் தேர்ந்தெடுக்கப் புத்தி இருக்கிறவளுக்குப் புருஷனைத் தேர்ந்தெடுக்கப் புத்தி இல்லையாம்! சுயமரியாதைக் கலியாணத்துக்கு 1967-இல் சட்டம் செய்த நாடு இது.

பதவி விஷயத்தை நாம் விரிக்கப் போவதில்லை. தாமோ தம் குடும்பத்தாரோ பதவிக்கு வரமாட்டோம், வந்தால் சாட்டையால் அடியுங்கள் என்று சொன்னவர் டாக்டர். தாம் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை என்பது உண்மையே. ஆனால் 2004-இல் மகன் அன்புமணி அவர்கள் மத்திய சுகாதார மந்திரியானார். அவரும் வைத்தியர், 2008-இல் பொது இடங்களில் புகை பிடிப்பதைத் தடுத்த காரியம் நல்ல காரியமே. பெரியவர் அய்யா, மகன் சின்ன அய்யா என்று தொண்டர்கள் கூப்பிட ஆரம்பித்த அன்றே ஜமீன் உதயமாகி விட்டது. 2025-இல் கட்சித் தலைமை யாருக்கு என்று தகப்பனுக்கும் மகனுக்கும் வழக்கு வீதிக்கு வந்தது. 1998 முதல் கூட்டு மாறி மாறி 2001-இல் 20 பேரும் 2006-இல் 18 பேருமாகச் சட்டசபையில் இருந்த கட்சி, தனியே நின்ற 2016-இல் ஒருவருமில்லாமல் போயிற்று. கணக்குக் கேட்டு ஆரம்பித்தவர்களாதலால் கணக்கில் சொன்னோம்.

கணக்கு என்றதும் இன்னொன்று. 2021 பிப்ரவரியில் வன்னியருக்கு மட்டும் 10.5 என்று உள் ஒதுக்கீடு செய்து சட்டம் வந்தது. அவ்வருஷம் நவம்பரில் ஹைகோர்ட்டாரும், 2022 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டாரும் அதைத் தள்ளினார்கள். சுப்ரீம் கோர்ட்டார் உள் ஒதுக்கீடே கூடாதென்று சொல்லவில்லை. சரியான புள்ளி விபரம் எங்கே என்று கேட்டார்கள். வன்னியரில் எத்தனை பேர் வைத்தியர், எத்தனை பேர் முந்திரி உடைக்கிறவர், வண்ணாரில் எத்தனை, மீனவரில் எத்தனை என்று எண்ணிப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பதை நாம் ஆதரிக்கிறோம். வைத்தியர் கையில் கட்சி இருந்தும், நோயாளியைச் சோதிக்காமலே தேர்தலுக்கு முன் அவசரமாக மருந்துச் சீட்டு வாங்கியதுதான் தப்பு.

இப்பொழுது இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. முதலாவது: "அவர் ஜாதியைச் சேர்த்தார் என்கிறீர்களே, உங்களவர் பார்ப்பனரல்லாதாரைச் சேர்த்தது மட்டும் என்ன?" நல்ல கேள்வி. பார்ப்பனரல்லாதார் என்பது ஒரு ஜாதியல்ல. ஜாதியால் கீழே தள்ளப்பட்ட அத்தனை பேரும் அதில் உண்டு. ஆனால் நமது பக்கத்திலும் குற்றம் உண்டு. ஆதிதிராவிடர்களுக்கு நியாயம் கிடைக்கவில்லையென்று எம்.சி. ராஜா அவர்கள் ஜஸ்டிஸ் கட்சியை விட்டு வெளியேறினார். அன்றைக்கே நாம் அந்தப் பாடத்தைப் படித்திருந்தால், திண்டிவனம் வைத்தியரைக் குறை சொல்ல நமக்கு இன்னும் கொஞ்சம் அதிக யோக்கியதை இருந்திருக்கும்.

இரண்டாவது சீட்டு, வைத்தியம் படிக்கிற ஒரு பெண் எழுதியது: "நான் படிப்பு முடிந்து காட்டுமன்னார்கோயில் பக்கம் என் ஊருக்கே போய், பிறகு பொது வாழ்வுக்கு வரலாமென்று இருக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் என்ன?" அம்மா, கட்டாயம் போங்கள். போனவுடன் ஊரார் உங்களை நம்ம ஜாதி டாக்டரம்மா என்பார்கள். அதைச் சொல்ல விடாமல் செய்யுங்கள். தெருவிலிருந்து வருகிறவர்களும் சேரியிலிருந்து வருகிறவர்களும் உட்கார ஒரே பெஞ்சு போடுங்கள். அந்தப் பெஞ்சுக்காகச் சண்டை வரும். அந்தச் சண்டையிலே உங்கள் அரசியல் தானாக ஆரம்பமாகும். தேர்தல் பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

கடலூருக்குக் கடைசி பஸ் புறப்படுகிறதென்று தோழர்கள் சைகை காட்டுகிறார்கள். மற்றச் சீட்டுகளுக்கு அடுத்த வாரப் பத்திரிகையில் பதில் எழுதுகிறோம்.